பாட வந்த நடிகர்

மலேசியா வாசுதேவனைப் பாடகர் என்கிறோம். நடிக்கவும் செய்தார் என்பதை அடுத்த மூச்சில் சேர்த்துக்கொள்கிறோம். இந்த வரிசை எனக்கு ஒப்பாது. அவர் முதலில் நடிகர். நாடக மேடையில் கற்ற நடிப்போடு சென்னைக்குப் போனார். அங்கே அதை முகத்தால் காட்ட நல்ல இடம் கிடைப்பதற்கு முன்னால் குரலால் காட்ட இடம் கிடைத்தது. பிறகு எண்பதுக்கும் மேற்பட்ட படங்களில் திரையிலும் தோன்றினார். ஆனாலும் அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு அவர் முகம் தெரியாத இடங்களில்தான் இருக்கிறது. வெகுகாலமாக அவரைக் கேட்டுவருகிறவன் என்ற முறையில் இது என் முடிவு.

கோலாலம்பூரின் பங்சாரில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. தெலாவி சாலையில் இன்று உணவகங்களும் காப்பிக் கடைகளுமாக இருக்கும் இந்த வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். கொஞ்சம் தள்ளிப் போனால் அங்காசாபுரி. அந்த ஒலிபரப்பு நிலையத்திலிருந்துதான் மலேசிய வானொலியின் தமிழ்ப் பிரிவு நாடெங்கும் கேட்டது. அந்தப் பிரிவு ‘வானொலி ஆறு’ என்ற பெயரில் இருந்து 2005இல் மின்னல் எஃப்எம் ஆனது. இந்த நாட்டுத் தமிழர்களுக்கு நடிப்பு என்பது நெடுநாள் வரை காதால் அனுபவிக்கும் விஷயமாகத்தான் இருந்தது. வானொலி நாடகத்தில் கதவு திறப்பதும் மழை பெய்வதும் மாமியார் முகம் சுளிப்பதும் குரலில் தெரியவேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவில் போடும் நாடகத்திலும் இதே கதைதான். மங்கலான விளக்கில், கடைசி வரிசைக்கு நடிகனின் கண் எங்கே தெரியப் போகிறது? குரல்தான் போய்ச் சேரும்.

வாசுதேவன் 1944ஆம் ஆண்டு ஜூன் 15இல் பிறந்தார். மலாயா அப்போது ஜப்பானியர் பிடியில் இருந்தது. பெற்றோர் மலையாளிகள். வளர்ந்து தமிழ் நாடகக் குழுவில் நடிகரானார். மலேசியத் தமிழர்கள் மேடையேற்றிய ‘இரத்தப் பேய்’ நாடகம் சினிமாவானபோது அதில் நடித்தார். சென்னையில் இளையராஜா சகோதரர்களின் பாவலர் பிரதர்ஸ் குழுவில் பாடினார். எழுபதுகளின் தொடக்கத்தில் சில படப் பாடல்கள் கிடைத்தன, பெயர் வரவில்லை. 1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வந்தது. எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குத் தொண்டை சரியில்லாததால் சப்பாணியின் பாட்டு இவரிடம் வந்தது என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. வாய்ப்பு வந்த விதத்தை விட, வந்த வாய்ப்பை அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

சப்பாணியின் ஆட்டுக்குட்டிப் பாட்டை மறுபடி கேளுங்கள். உலகத்தில் நடக்கவே முடியாத காரியங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு அது. சாதாரணப் பாடகர் என்றால் இது வேடிக்கைப் பாட்டு என்று குரலிலேயே அறிவித்துவிடுவார். சொல்லுக்குச் சொல் ஒரு குறும்புச் சிரிப்பை ஒட்டவைப்பார். வாசுதேவன் அதைச் செய்யவில்லை. பாடுகிறவன் சப்பாணி, அவனுக்கு இவையெல்லாம் அதிசயமான உண்மைகள். அந்த நம்பிக்கை குரலில் இருக்கிறது. திரையில் கமல்ஹாசன் கால் இழுத்து நடப்பதையும் வாய் ஒருபக்கம் போவதையும் உடம்பால் செய்கிறார். அந்த உடம்புக்குள்ளே இருக்கும் வெள்ளை மனத்தை இன்னொருவர் குரலால் செய்கிறார். ஒரே பாத்திரத்தை இரண்டு நடிகர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே 1977இல் அமெரிக்காவில் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியானது. டார்த் வேடரின் கறுப்பு உடைக்குள் இருந்தவர் டேவிட் ப்ரௌஸ். குரல் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் உடையது. மேடையிலும் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் பெரும் பெயர் பெற்ற நடிகர் அவர். 1969இல் நாடகத்துக்கான டோனி விருது வாங்கியவர். சிறு வயதில் திக்குவாய் காரணமாகப் பேசாமலே இருந்தவர் என்பது இன்னும் வியப்பு. முகமூடிக்குள்ளிருந்து வரும் அந்தக் குரல் இல்லாவிட்டால் டார்த் வேடரிடம் உடையும் உயரமும்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் முதலில் திரையில் தன் பெயரைப் போடவேண்டாம் என்று ஜோன்ஸ் சொல்லிவிட்டார். ஹாலிவுட் வழக்கம் அப்படி. ‘மை ஃபேர் லேடி’யில் ஆட்ரி ஹெப்பர்னின் பாடல்களைப் பெரும்பாலும் பாடிய மார்னி நிக்சனையும் ஹாலிவுட் மறைத்துத்தான் வைத்திருந்தது. நம் மரபு இதில் பெருந்தன்மையானது. குரல் யாருடையது என்று குழந்தைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் திரையில் இருப்பவர் பாடுவதாக நம்புகிறோம். இந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக் கொடுப்பது பின்னணிப் பாடகரின் வேலை. அதற்கு இசைஞானம் போதாது, நடிப்பும் வேண்டும்.

வாசுதேவனைக் கிராமத்துக் குரல் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. மண்வாசனை, இயல்பு, வெள்ளந்தி என்றெல்லாம் சொல்வார்கள். அன்போடு சொல்வதுதான். ஆனால் அதில் அவருடைய உழைப்பு காணாமல் போய்விடுகிறது. யோசித்துப் பாருங்கள். மலேசியாவில், மலையாளப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை. தேனிப் பக்கத்து வயல்வரப்பில் வளர்ந்தவர் இல்லை. இங்கே பல ஊர்த் தமிழும் மலாயும் சீனமும் ஆங்கிலமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும். அந்தக் காதோடு போனவர்தான் எழுபதுகளின் கடைசியில் தமிழ்நாட்டுக் கிராமத்தானின் குரலாக நின்றார். ‘கிழக்கே போகும் ரயில்’, ‘புதிய வார்ப்புகள்’ என்று பாரதிராஜா படத்துக்குப் படம் அழைத்தார். தமிழ்நாட்டுக்காரர்களே அதைத் தங்கள் ஊர்க் குரல் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறவியில் வந்திருக்க முடியாத ஒன்றை இவ்வளவு சுத்தமாகச் செய்தவரை நான் வேறு எப்படி அழைப்பது? கேட்டு, உள்வாங்கி, வேடம் கட்டிய நடிகர் அவர்.

1980இல் ‘முரட்டுக்காளை’. ரஜினிகாந்துக்கு அவர் பாடிய அந்தத் தங்க மனசுப் பாட்டு மலேசிய விருந்து மேடைகளில் இன்றும் தவறாமல் ஒலிக்கிறது. கிள்ளான் பக்கம் கல்யாண விருந்தென்றால் யாராவது ஒரு சித்தப்பா மைக்கைப் பிடித்துவிடுவார். பாடுகிறவர்கள் பெரும்பாலும் உரக்கப் பாடுவதையே பாட்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். வாசுதேவன் அதில் கத்தவில்லை. கூட்டத்தின் நடுவே நிற்கும் ஒருவன் எப்படிப் பேசுவானோ அப்படி வாயைத் திறந்து பாடுகிறார். நெடில்கள் அகலமாக விரிகின்றன. வல்லினம் விழவேண்டிய இடத்தில் அழுத்தமாக விழுகிறது. தன்னைப் பற்றியே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பாட்டு, கொஞ்சம் பிசகினால் தற்பெருமையாகக் கேட்கும். ஊருக்கு நல்லவன் ஒருவனின் மகிழ்ச்சியாக அது கேட்பதற்கு அந்தத் தொனிதான் காரணம்.

இவர் கிராமத்துக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் ‘பன்னீர் புஷ்பங்கள்’ படத்தின் கோடைக்காலக் காற்றுப் பாட்டைக் கேட்கவேண்டும். 1981; மலைப்பிரதேசத்துப் பள்ளிக்கூடக் கதை. அதே தொண்டையிலிருந்து எடையில்லாத ஒரு குரல் வருகிறது. ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தில் எஸ். ஜானகியோடு பாடிய மின்மினிப் பாட்டில் குரல் பட்டாக இருக்கிறது. திரையில் இருப்பவன் பெண்களைக் கொல்கிறவன் என்பதற்கான எந்த அடையாளத்தையும் அவர் குரலில் விடவில்லை, அது சரியான முடிவு. அந்தப் பெண் அவனை எப்படிக் கேட்கிறாளோ அப்படித்தானே நாமும் கேட்கவேண்டும். ‘தர்மயுத்தம்’ படத்தில் தங்கைக்காகப் பாடும் அண்ணன் வேறொரு ஆள். இவற்றை ஒரே மாலையில் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் பாடகர் மறைந்து பாத்திரங்கள் எழுந்து வருவார்கள்.

இனி 1985. வாசுதேவனின் வாழ்க்கையில் எந்த ஆண்டைப் பற்றிக் கேட்டாலும் நான் இந்த ஆண்டுக்குத்தான் வந்து நிற்பேன். ஒரே இயக்குநரின் இரண்டு படங்கள். ‘ஒரு கைதியின் டைரி’யில் சூரியப்பிரகாசம் என்ற அரசியல்வாதி. தன்னைத் தெய்வமாக நினைக்கும் தொண்டனின் மனைவியைக் கெடுத்து, அவள் சாவுக்குக் காரணமாகி, தொண்டனையே சிறைக்கு அனுப்புகிறவன். ‘முதல் மரியாதை’யில் ஊர்ப் பெரியவர் மலைச்சாமியின் பாட்டுக் குரல். முன்னதில் நாம் வெறுக்கவேண்டும், பின்னதில் உருகவேண்டும். இரண்டுக்கும் பாரதிராஜா ஒரே ஆளை நம்பினார்.

கைதியின் டைரியில் தொண்டனாகவும் அவன் மகனாகவும் இரட்டை வேடத்தில் வருபவர் கமல்ஹாசன். எட்டு ஆண்டுகளுக்கு முன் எந்த நடிகருக்குச் சப்பாணியின் மனத்தைக் குரலாகக் கொடுத்தாரோ, அதே நடிகரின் எதிரே வில்லனாக நிற்கிறார். படத்தின் கதை கே. பாக்யராஜ் உடையது, அவரே அதை 1986இல் அமிதாப் பச்சனை வைத்து ‘ஆக்ரி ராஸ்தா’ என்று இந்தியில் இயக்கினார். அரசியல்வாதி வேடத்தை அங்கே சதாசிவ் அம்ராபுர்கர் செய்தார். அவரைக் கண்டதுமே ஆபத்து என்று தெரிந்துவிடும். வாசுதேவனிடம் அப்படித் தெரியாது. தொண்டன் ஏன் இவனை நம்பினான் என்ற கேள்வி நமக்கு எழாததற்கு, நம் செவிக்குப் பழகிய அந்தக் கனிந்த குரலும் ஒரு காரணம். என் ரசனையில் இவரே மேல்.

மலைச்சாமிக்கு வருவோம். சிவாஜி கணேசன் என்றால் டி.எம். சௌந்தரராஜன் என்று இரண்டு தலைமுறை பழகியிருந்தது. சிவாஜியின் ஒவ்வொரு முக அசைவுக்கும் ஈடுகொடுத்த குரல் அது. ஆனால் ‘முதல் மரியாதை’யின் சிவாஜி வேறு. பாதி நரைத்த, அதிகம் பேசாத, வீட்டில் மரியாதையில்லாமல் வாழும் மனிதர். நடிப்பை இவ்வளவு அடக்கிக்கொண்ட சிவாஜிக்குக் கம்பீரம் குறையாத, ஆனால் முழக்கம் இல்லாத குரல் தேவைப்பட்டது. பூங்காற்றுப் பாட்டில் வாசுதேவன் செய்வதைக் கவனியுங்கள். தொடக்கமே ஒரு கேள்வி. யாரிடமும் கேட்கவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறார். வரியின் முடிவில் குரலை நீட்டி நிறுத்தி அழகு காட்ட இடம் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளவில்லை. நடந்து களைத்த ஆள் திண்ணையில் உட்காருகிற மாதிரி ஒவ்வொரு வரியும் இறங்கி அமர்கிறது. அழுகை தொண்டை வரை வந்து நிற்கிறது. வெளியே வரவிடவில்லை. ஊர் மதிக்கும் பெரிய மனிதர் அழமாட்டார் அல்லவா? ஜானகியின் குரல் எதிர்ப்பாட்டாக வந்து சேரும்போது அவர் குரலில் ஏற்படும் சின்னத் தடுமாற்றம், யாரோ நம்மைக் கேட்டுவிட்டார்களே என்ற கூச்சம், அதெல்லாம் சுரத்தாளில் எழுதித் தரக்கூடியதில்லை. மேடையில் எதிர் நடிகரின் வசனத்தை உண்மையாகக் கேட்கப் பழகியவருக்குத்தான் அது வரும்.

அந்தப் படத்தின் பாடல்களுக்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது. இளையராஜாவின் இசையைப் பற்றியும் சிவாஜியின் அடக்கத்தைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எல்லாம் தகும். மலைச்சாமி என்ற மனிதரில் வாசுதேவனின் பங்கையும் அதே அளவில் வைத்துப் பேசவேண்டும் என்பதே என் வாதம்.

திரைநடிகராக அவருக்கு நியாயம் கிடைத்ததா? பாதிதான் கிடைத்தது. ரஜினியின் ‘ஊர்க்காவலன்’ படத்திலும் சிவாஜி இருந்த ‘ஜல்லிக்கட்டு’ படத்திலும் வந்தார்; இரண்டும் 1987. யாருக்கெல்லாம் குரல் கொடுத்தாரோ அவர்களில் பலரோடு திரையிலும் நின்றுவிட்டார். ஆனால் பெரும்பாலும் ஊர்ப் பணக்காரர், கெட்ட அரசியல்வாதி என்ற சட்டத்துக்குள்ளேயே நிறுத்தினார்கள். ‘சாமந்திப்பூ’வுக்கு இசையமைத்தவர், இத்தனை பாத்திரங்களைக் குரலால் வாழ்ந்தவர், அவருக்கு ஒரு மலைச்சாமி திரையில் வரவில்லை. தமிழ் சினிமா விட்டுவிட்ட வாய்ப்பு இது என்று திடமாகச் சொல்வேன். தொண்ணூறுகளில் பாட்டும் குறைந்தது. அப்போதும் 1993இல் ‘கிழக்குச் சீமையிலே’ படத்துக்கு ஏ.ஆர். ரஹ்மான் அவரை அழைத்துச் சித்ராவோடு பாடவைத்தார். அண்ணன் தங்கை பாசத்துக்கு அந்த வயதேறிய குரலின் கரகரப்பு எவ்வளவு பொருந்தியது!

2011 பிப்ரவரி 20இல் அவர் சென்னையில் மறைந்தார். அவர் காலத்தில் இங்கிருந்து போகிறவர் தன் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு அங்குள்ள பேச்சை வேடமாகக் கட்டவேண்டியிருந்தது. இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015இல் நம்முடைய தோட்டத்து, புறம்போக்குத் தமிழிலேயே பேசியது; அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமானது. அதில் நடித்த இளைஞர்களின் வாயில் நம் பேச்சு கூச்சமில்லாமல் வருவதைக் கேட்கையில், வாசுதேவனுக்கு இப்படியொரு படம் கிடைத்திருக்கக்கூடாதா என்று மனம் ஏங்குகிறது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அவரை உருவாக்கியது ஐம்பது, அறுபதுகளின் மலேசியத் தமிழ் நாடக மேடை. அந்த மேடையின் நோட்டீசுகள், புகைப்படங்கள், கையெழுத்து வசனப் பிரதிகள் இன்னும் பல வீடுகளில், பழைய பெட்டிகளில் இருக்கின்றன. தாத்தா நடிகராக இருந்தார், பாட்டி அரிதாரம் பூசினார் என்று சொல்லும் குடும்பங்கள் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் குறைவில்லை. வீடு மாறும்போது அவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பங்சாருக்கு அடுத்த லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே 1956இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறையும் இருக்கிறது. அங்கே விசாரியுங்கள். நேரில் போகமுடியாதவர்கள் ஒவ்வொரு தாளையும் படம் பிடித்து, நாடகத்தின் பெயரையும் நடத்திய ஊரையும் ஆண்டையும் எழுதியாவது வையுங்கள்.