மூலிகையை மீட்பதா, காட்டை மீட்பதா?

பழங்குடி வைத்தியத்தை மீட்கப் போகிறார்களாம். அது எப்போ செத்துச்சு, இவங்க மீட்க? 1987இல் கேரளத்து அகத்தியமலை ஏறிய விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள். வழிகாட்டிய காணிகள் ஒரு காயைத் தின்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தது. 1995இல் 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் கைமாறியது. பாதி காணிகளுக்கென்று முடிவானது, உலகம் பாராட்டியது. ஆனால் காட்டில் அந்த இலையைப் பறித்து விற்கக் காணிகளை வனத்துறை விடவில்லை. அறிவு வேணும், அறிஞ்சவன் காட்டுல கைவைக்கக் கூடாது! மலைக்கு அகத்தியர் பேரு. காணி பேரு எங்கே? சிறுவன விளைபொருளும் மரபறிவும் அவர்கள் உரிமை என்கிறது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதைக் கொடுக்காமல் வைத்தியருக்குப் பொன்னாடை போர்த்துவது மீட்பல்ல, அபகரிப்பு.