காதுக்கு எவ்வளவு காசு?

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் சித்தப்பாவிடம் வெள்ளவத்தைப் பிள்ளைகள் கேட்கும் பொருள்களில் இயர்போனும் சேர்ந்துவிட்டது. கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான். கேட்பதென்று ஆன பிறகு நல்லதாகவே கேட்போம் என்று, பெயர்பெற்ற, விலை கூடிய ஒன்றையே சொல்கிறார்கள். டொலரை 300 ரூபாய்ப்படி பெருக்கி, 2024 ஜனவரி முதல் 18 வீதமான பெறுமதிசேர் வரியையும் கூட்டிப் பார்த்தால் இங்கே வாங்க மனம் வராது, அது நியாயமே. ஆனால் அந்தப் பணம் யாரோ ஒருவர் குளிரில் நின்று செய்த ஓவர்டைம். அது ஒலிக்குத்தான் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் இல்லை என்பதே என் முடிவு. 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து, அவற்றின் அதிர்வெண் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்று அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். காதுக்குள் செருகும் வகையும் அந்த அளவீட்டில் உண்டு. காரணம் விளங்காத ஒன்றல்ல. நம் காதுக்குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்றிமீற்றர். திறந்திருக்கும்போது அது 3,000 ஹேர்ட்ஸ் அளவிலான ஒலியைத் தானே கூட்டிக் கொடுக்கிறது. இயர்போனைச் செருகியதும் இந்த இயல்பு குலைந்துவிடும். இழந்ததைச் சரியான அளவில் திருப்பிக் கொடுப்பதுதான் வடிவமைப்பாளரின் முதல் வேலை. அந்தக் கணக்கு இன்று எல்லோருக்கும் தெரியும். 2022இல் சீனாவின் மூன்டிராப் நிறுவனம் 20 டொலர் அளவில் விட்ட 'சூ' இயர்போன் அதை நன்றாகவே செய்தது. அதற்கு முந்திய ஆண்டு வந்த சென்ஹைசர் ஐஇ 900இன் விலை ஏறத்தாழ 1,300 டொலர். இரண்டிலும் காதுக்கு, ஒலியெழுப்பும் டிரைவர் ஒன்றுதான். வரிக்கு முன்பே ஒன்று 6,000 ரூபாய், மற்றது 3,90,000.

அப்படியென்றால் விலை கூடியதில் ஒன்றுமே இல்லையா? உண்டு. அதைக் கேட்க மேள இசையைப் போல நல்ல சோதனை இல்லை. தவிலின் வலந்தலையில் விரல்கூடு படும் அடி கூர்மையானது. மறுபக்கத்தில் கழி படும் அடி கனமானது. மலிவான, கீழ்ஸ்தாயியை ஊதிப் பெருக்கிய இயர்போனில் கழியின் அடி பரவி நாதஸ்வரத்தையே மூடிவிடும். மேலோசையை மிகைப்படுத்தியதில் விரல்கூட்டின் சொற்கள் எல்லாம் ஒரே 'சள் சள்' என்று கேட்கும், நாதஸ்வரச் சீவாளியின் ஓசை காதைக் குத்தும். நல்லதில் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் தோல் அதிர்ந்து அடங்குவது தனியாகக் கேட்கிறது. இளையராஜாவின் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பான 'ஹவ் டு நேம் இட்?'டைக் கேட்டாலும், வயலின் அடுக்குகள் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்பதை உணரலாம். இந்தத் தெளிவு மதிக்கத்தக்கது. ஆனால் 20 டொலருக்கும் 100 டொலருக்கும் இடையில் அது பெரிதாக வளர்கிறது, அதற்கு மேல் மிக மெதுவாகத்தான். மூலப்பதிவின் குறையை எந்த விலையும் தீர்க்காது. 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் பழைய ஒலிநாடாக்களின் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. விலை கூடிய கருவியில் நாடாவின் இரைச்சலும் சேர்ந்தே துல்லியமாகிறது.

விலை உண்மையாகவே பலன் தரும் இடம் வேறு. பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸில், எஞ்சின் மூடிக்குப் பக்கத்து ஆசனத்தில், காலி வீதி நெடுக இருந்து பார்க்க வேண்டும். அந்த உறுமல் கீழ்ஸ்தாயி முழுவதையும் விழுங்கிவிடும். பாட்டை மீட்க நாம் சத்தத்தைக் கூட்டுகிறோம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை பஸ்ஸிலேயே தாண்டிவிடுவோம். 2022இல் வந்த இரண்டாம் தலைமுறை எயர்பொட்ஸ் புரோ, 2023இல் வந்த சொனி டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்5 போன்ற வயரில்லா இயர்பட்ஸ், வெளி இரைச்சலை மைக்கில் வாங்கி அதற்கு எதிரலை கொடுத்து அடக்குகின்றன. எஞ்சினின் ஒரே சீரான உறுமல் நன்றாகக் குறையும். ஹோர்னும் நடத்துனரின் குரலும் அவ்வளவாகக் குறையாது. தினமும் ஒரு மணி நேரம் பயணம் செய்பவர் இதற்குக் கொடுக்கும் 250, 300 டொலரை வீண் என்று சொல்லமாட்டேன். அவர் தன் செவியைக் காக்கிறார்.

ஆனால் அந்தப் பணத்துக்கு ஆயுள் குறைவு. உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு பற்றரி இரண்டு மூன்று வருடங்களில் தளர்ந்துவிடும். பெரும்பாலானவற்றில் திறந்து மாற்றவும் வழியில்லை. வெளிநாட்டில் வாங்கியதன் உத்தரவாதம் இங்கே செல்லாமல் போவதும் வழக்கம். சொனி பெருமையாகச் சொல்லும், புளூடூத் வழியாக விநாடிக்கு 990 கிலோபிட் வரை ஒலியை அனுப்பும் எல்டாக் முறை ஐபோனில் இல்லவே இல்லை. ஐபோன்காரர் அதை நம்பி வாங்குவது வீண். வயர் கழற்றி மாற்றக்கூடிய இயர்போனோ, வயர் அறுந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அதன் தொல்லை வேறு: 2016இல் ஐபோன் 7 வந்ததிலிருந்து போன்களில் செருகுதுளை மறைந்துகொண்டே போகிறது, சிறிய இணைப்பான் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும்.

ஆகவே பஸ்ஸுக்கு இரைச்சல் அடக்கும் இயர்பட்ஸ் வாங்கலாம். வீட்டில் இரவு அமைதியாகக் கேட்பவருக்கு 20,000 ரூபாய்க்குள் கிடைக்கும் வயர் இயர்போன் போதும். ஒலிக்காக மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல் கொடுப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது. எதை வாங்கினாலும் கூட வரும் ரப்பர் முனைகள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். காதில் சரியாக அடைக்காவிட்டால் மூன்று இலட்சம் ரூபாய்க் கருவியும் கீழ்ஸ்தாயி இல்லாமல் தகரம் போலத்தான் ஒலிக்கும்.

கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். வீதியோரக் கடையின் இரைச்சலில் கேட்டால் கீழ்ஸ்தாயி மிகுந்ததே சிறந்ததாகப் படும், சத்தம் கூடியதே தெளிவாகத் தோன்றும். உள்ளே ஓர் அமைதியான மூலை, துடைக்க ஸ்பிரிட், மாற்ற முனைகள், கேட்டுப் பார்க்கவென்றே திறந்து வைத்த ஒரு சோடி: இவ்வளவும் இருந்தால் போதும், மக்கள் விலைச்சீட்டைப் பார்க்காமல் காதை நம்பி வாங்குவார்கள்.