பெயரும் முறையும்: ‘மொன்டானா ஸ்கை’ புதினமும் தமிழ் வாசகரும்

காதல் புதினங்களைத் திறனாய்வாளர் பெரும்பாலும் கதைப்பின்னலைக் கொண்டே மதிப்பிடுவர். முடிவு முன்கூட்டியே தெரிந்த கதையை வாசகர் ஏன் மீண்டும் மீண்டும் நாடுகின்றனர் என்பதை அம்மதிப்பீடு விளக்குவதில்லை. அமெரிக்கப் பெண் வாசகரை ஆராய்ந்த ஜேனிஸ் ராட்வே (1984), குடும்பக் கடமைகளுக்கு நடுவே தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் நேரமாக அவர்கள் வாசிப்பைக் கருதியதைக் காட்டினார். இக்கருத்து வாசிக்கும் செயலை விளக்குகிறது; வாசிக்கப்படும் மொழியையும் உடன் நோக்குதல் வேண்டும். அந்நியர் உறவினராகும் படிநிலைகளை வாசகர் உணர்வதற்கு உரையாடலில் வரும் விளிச்சொற்கள் பெரிதும் துணை செய்கின்றன. நோரா ராபர்ட்ஸின் ‘மொன்டானா ஸ்கை’ (1996) புதினத்தைத் தமிழாக்க முனைவோர்க்கு இவ்விளிச்சொற்களால் எழும் சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

அமெரிக்க மேற்குப் பகுதியின் கால்நடைப் பண்ணை வாழ்வைக் களமாகக் கொண்ட காதல் புதினங்களுள் இது ஒன்று. பண்ணை உரிமையாளரான ஜாக் மெர்சிக்கு மூன்று மனைவியர் வழியாக மூன்று மகளிர். மூத்தவள் டெஸ், அடுத்தவள் லில்லி, இளையவள் வில்லா. வில்லா மட்டுமே பண்ணையில் வளர்ந்தவள். மூவரும் ஓராண்டு அப்பண்ணையில் சேர்ந்து வாழ்ந்தால்தான் அது அவர்களுக்கு உரியதாகும். ஒருவர் விலகினாலும் மூவரும் உரிமை இழப்பர் என்று தந்தையின் உயில் கூறுகிறது. காதல் கதைகள் மூன்று இருப்பினும், புதினத்தின் அடித்தளம் இம்மூவரும் உடன்பிறப்புகளாக மாறுவதே எனலாம்.

ஆங்கிலத்தில் இவர்கள் ஒருவரையொருவர் பெயரால் அழைக்கின்றனர். பெயர், உறவை ஏற்பதுமில்லை, மறுப்பதுமில்லை. தமிழிலோ இளையவள் மூத்தவளைப் பெயரிட்டு அழைப்பது ஒன்று அவமதிப்பாகும் அல்லது உறவு மறுப்பாகும். வழக்கு நோக்கி, முதல் சந்திப்பிலேயே வில்லாவின் வாயில் ‘அக்கா’ என்னும் சொல்லை மொழிபெயர்ப்பாளர் வைத்துவிட்டால், ஓராண்டு வாழ்ந்து அடைய வேண்டிய உறவு முதல் பக்கங்களிலேயே அடையப்பட்டுவிடுகிறது. பண்ணைத் தொழிலில் வில்லாவுக்குள்ள தலைமையும் அச்சொல்லால் தளர்கிறது. எனவே தொடக்கத்தில் பெயரையே ஆள்வது தக்கது. தமிழில் அது கடுமையாக ஒலிக்கும். அக்கடுமை கதைக்கு வேண்டிய ஒன்றேயாகும். ‘அக்கா’ என்னும் விளியைத் தாமதித்து, பகை நீங்கும் இடத்தில் முதன்முறையாக ஆளும்போது, மூலத்தில் இல்லாத ஒரு கருவியைத் தமிழ் தருகிறது.

லில்லிக்கும் ஆடமுக்கும் இடையிலான காதல் இதனினும் நுட்பமான சிக்கலைத் தோற்றுவிக்கிறது. ஆடம், வில்லாவின் தாய்க்குப் பிறந்த மூத்த மகன்; ஜாக் மெர்சியின் மகன் அல்லன். லில்லிக்கும் அவனுக்கும் இரத்த உறவு இல்லை. ஆயினும் தமிழ் உறவுமுறை விரிவுபடுத்தும் இயல்புடையது. தந்தையின் மற்றொரு மனைவிக்குப் பிறந்தவன் ‘அண்ணன்’. தங்கையின் அண்ணனும் அண்ணனே. முறைப்பெயரை இயல்பாகப் பயன்படுத்தினால் இக்காதல் தமிழ் வாசகருக்கு முறைகேடாகத் தோன்றும். ஆடமை ‘வில்லாவின் அண்ணன்’ என்று சுட்டுவதினும் ‘வில்லாவுடன் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவன்’ என்று சுட்டுவதே பொருத்தமானது.

அண்டைப் பண்ணையினனான பென்னும் வில்லாவும் பேசும் உரையாடல் மூன்றாவது சிக்கல். ரோஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் (1960) ஆகியோர் முன்னிலைப் பெயர்களை அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு அச்சுகளில் விளக்கினர். தமிழ்க் குடும்பப் புதினங்களில் ஆண் ‘நீ’ என்பதும் பெண் ‘நீங்கள்’ என்பதும் பழகிய மரபு. இம்மரபை இங்கே புகுத்தினால் வில்லாவின் சமநிலை மறைந்துவிடும். இருவரும் ‘நீ’ என்றே பேச வேண்டும்.

எந்த வாசகரை மனத்திற்கொண்டு மொழிபெயர்க்கிறோம் என்பதும் கருதத்தக்கது. தமிழகத்திற்கு வெளியே, கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கப் பகுதியைச் சான்றாகக் கொள்ளலாம். ஜான் டெய்லர் நிறுவனக் காலத்தில் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர், நிறுவனத்திற்கு உரிய ‘லைன்’ வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்தனர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, வாழ்ந்த வீட்டின் உரிமைக்காக அவர்கள் கோரிக்கை எழுப்ப வேண்டியிருந்தது. ஓராண்டு வாழ்ந்தால் மண் உரிமையாகும் என்னும் உயில், இத்தகைய வாசகருக்கு வெறும் கதை உத்தியாகத் தோன்றாது. அடுத்த வீட்டாரை அக்கா, அத்தை என்று அழைத்தே அந்நியரை உறவாக்கிக்கொள்வது தமிழர் வழக்கு. அவ்வழக்கில் வளர்ந்தவர், ‘அக்கா’ என்னும் சொல் தாமதிக்கப்படுவதன் பொருளை எளிதில் உணர்வர்.

உரையாடலின் நடை பற்றி ரமணிசந்திரனின் புதினங்கள் ஒரு வழி காட்டுகின்றன. அவற்றின் மாந்தர் பெரும்பாலும் எழுத்து வழக்கை ஒட்டியே பேசுவதால் அப்பேச்சு எந்த வட்டாரத்துக்கும் தனியுரிமையாவதில்லை. மொன்டானா மாந்தர்க்கு ஒரு தமிழ் வட்டார வழக்கை ஏற்றுவதினும் இந்நடை ஏற்புடையது. ஆனால் அந்நடையில் வட்டாரச் சாயல் குறைவதால் விளிச்சொற்கள் மேலும் துலங்கித் தெரியும். ஆகவே மொழிபெயர்ப்பைத் தொடங்குமுன், எவர் எவரை எந்த இயலில் எவ்வாறு விளிக்கிறார் என்று ஓர் அட்டவணை வகுத்துக்கொள்வது நன்று. எளிய புதினம் என்று கருதப்படும் இவ்வகை நூலுக்கும் அவ்வுழைப்பு தேவைப்படுகிறது.