‘சோகமான முதியவர்’ என்று தேடினேன்

நண்பனின் முதல் சிறுகதைத் தொகுப்புக்கு அட்டை செய்து தருகிறேன் என்று நானாகத்தான் கேட்டு வாங்கினேன். தலைப்புக் கதை கோவையில் நடக்கிறது. பஞ்சாலை மூடிய பிறகும் ஒருவர் தினமும் காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, டிபன் கேரியரோடு கிளம்பிப் போகிறார். வேலை போனது தெருவுக்குத் தெரியக்கூடாது. அவ்வளவுதான் கதை.

இலவசப் படங்கள் கிடைக்கும் தளம் ஒன்றில் ‘சோகமான இந்திய முதியவர்’ என்று ஆங்கிலத்தில் தட்டினேன். தலைப்பாகை, நரைத்த தாடி, ஆழமான சுருக்கங்கள், கேமராவையே வெறிக்கும் கண்கள். கறுப்பு வெள்ளையில் ஒன்றை எடுத்து, தலைப்பைப் பொருத்தி அனுப்பினேன். நண்பன் ரொம்ப நேரம் கழித்துப் பதில் போட்டான்: “படம் நல்லாருக்குடா. ஆனா இவருக்குத் தாடி இருக்கே?”

கதையில் அந்த மனிதரின் மொத்த மானமும் சவரத்தில்தான் இருக்கிறது. கதையை நான் இரண்டு முறை படித்திருந்தேன். இருந்தும் தேடல் பெட்டியைத் திறந்ததும் கதையை விட்டுவிட்டு அதன் உணர்ச்சிக்கு ஒரு பெயர் வைத்தேன்: சோகம். கதையில் அந்தச் சொல் ஓர் இடத்தில்கூட வரவில்லை.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தத் தப்பைச் செய்வதற்கு வசதியாகத்தான் ஸ்டாக் போட்டோ என்ற ஏற்பாடே இருக்கிறது. ஒரே படம் காப்பீட்டு விளம்பரத்துக்கும் ஆஸ்பத்திரி துண்டுப் பிரசுரத்துக்கும் நாவலுக்கும் போகவேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் ஜெனரிக் ஃபங்ஷன் என்று ஒன்றைச் சொல்வோம். எந்த வகைத் தரவைக் கொடுத்தாலும் அது ஓடவேண்டும். அதனாலேயே எந்தத் தரவைப் பற்றியும் அதற்குத் தனியாக எதுவும் தெரிந்திருக்கக்கூடாது. இதில் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. விளம்பரத்துக்கு விற்கும் படத்தில் முகம் அடையாளம் தெரிந்தால் அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். நிறுவனங்களின் பெயரோ சின்னமோ தெரியக்கூடாது. ஒரு டீக்கடைப் படத்திலிருந்து பிஸ்கட் பாக்கெட்டின் பெயரை, சினிமா போஸ்டரை, பின்னால் தெரியும் மில்லின் பெயர்ப்பலகையை எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது எந்த ஊரிலும் இல்லாத ஒரு டீக்கடை.

ஆப்பிரிக்கக் கதைகளின் அட்டைகளை வரிசையாக ஒட்டிய ஒரு படம் 2014இல் இணையத்தில் பரவியது. எந்த நாட்டுக் கதையானாலும் ஆரஞ்சு வானம், ஓர் அக்கேசியா மரம். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் நம் புத்தக அலமாரியில் அந்த மரத்தின் இடத்தில் ஒற்றையடிப் பாதையும் சிம்னி விளக்கும் முதுகு காட்டி நிற்கும் பெண்ணும் இருக்கிறார்கள். அட்டைதான் ஒரு புத்தகத்தின் முதல் விமர்சனம் என்றால், பல புத்தகங்களுக்கு நாம் ஒரே விமர்சனத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அதற்காகக் காசுக்கு வாங்கிய படமெல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். டபிள்யூ. ஜி. செபால்டின் ‘ஆஸ்டர்லிட்ஸ்’ (2001) நாவலில் வெள்ளை உடையும் மேலங்கியுமாக ஒரு சிறுவன் நிற்கும் புகைப்படம் வரும். அது சிறுவயது ஆஸ்டர்லிட்ஸ் என்கிறது நாவல். விமர்சகர் ஜேம்ஸ் வுட், மார்பாக் இலக்கிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் படத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அது ஓர் அஞ்சலட்டை. பின்னால் ஸ்டாக்போர்ட் என்ற ஊர்ப் பெயரும் 30 பென்ஸ் என்ற விலையும். யாரோ ஒரு பையன். ஆனால் நாவலில் ஆஸ்டர்லிட்ஸ் எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் படத்தில் தன்னை அடையாளம் காண முடிவதில்லை. படத்தில் இருக்கும் அந்நியத்தன்மையைச் செபால்ட் மறைக்கவில்லை, அதையே எழுதினார். முப்பது பென்ஸ் படம் பொருந்துவது அதனால்தான்.

நண்பனின் கதையை மூன்றாவது முறை படித்தேன். இந்த முறை உணர்ச்சிகளை விட்டுவிட்டுப் பொருட்களை மட்டும் குறித்துக்கொண்டேன். பிறகு அதே தளத்தில் ‘சுவர், ஆணி, கண்ணாடி’ என்று தேடினேன். நீலச் சுண்ணாம்பு அடித்த சுவரில் ரசம் போன சின்னக் கண்ணாடி ஒன்று தொங்கியது. அதில் யாருடைய முகமும் இல்லை. எந்த ஊர்ச் சுவரோ, எனக்குத் தெரியாது.

அனுப்பிவைத்தேன். “இது சரி,” என்றான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி: “எங்கப்பா கண்ணாடி இதைவிடக் கொஞ்சம் பெருசு.”

அதுவரைக்கும் அது கதை என்றுதான் நினைத்திருந்தேன்.