மெலிந்தவரின் சாட்சியம்

உடல் மெலிவதற்காக உணவைக் குறைப்பதைச் சுவீடிஷ் மொழியில் 'பன்ரா' என்கிறார்கள். லண்டனில் அரச குடும்பத்தினரதும் பிரபுக்களதும் இறுதிச்சடங்குகளை நடத்திக் கொடுத்த வில்லியம் பன்ரிங் என்பவரின் பெயரிலிருந்து பிறந்த வினைச்சொல் அது. 1863 இல் அவர், பருமன் பற்றிப் பொதுமக்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றைச் சிறுநூலாக வெளியிட்டார். இன்று எம்மவர் மத்தியில் கொண்டாட்ட மண்டபங்களிலும் வேலைத்தலங்களிலும் வாய்வழி புழங்கும் எடைகுறைப்பு அறிவுரைகளுக்கு அதுவே மூல வடிவம் எனலாம். 'நான் இப்படி இருந்தேன். இப்படிச் செய்தேன். இப்படி ஆனேன். நீங்களும் செய்யுங்கள்.' இந்த நான்கு வசனங்களில் முதல் மூன்றுக்கும் நான்காவதற்கும் இடையே உள்ள இடைவெளி பற்றியே இங்கு பேச விரும்புகிறேன்.

பன்ரிங்கின் கடிதத்தை ஒரு பிரதியாக வாசிக்கும்போது அதன் பலம் உடனே தெரிகிறது. எழுதும்போது அவருக்கு 66 வயது. உயரம் 5 அடி 5 அங்குலம். 1862 ஓகஸ்ற் 26 இல் எடை 202 இறாத்தல். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டமுடியாது. மாடிப்படியில் பின்புறமாகவே இறங்கவேண்டும். படகு வலித்தும், துருக்கிக் குளியல் எடுத்தும், மருந்து குடித்தும் தோற்ற கதைகளையும் அவர் மறைக்கவில்லை. காது மந்தமென்று போய்ச் சந்தித்த வில்லியம் ஹார்வி என்ற வைத்தியர், பாரிஸில் குளோட் பேர்னாரின் விரிவுரைகளைக் கேட்டுவந்தவர். பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை இயன்றவரை விலக்கச் சொன்னார். இறைச்சி, மீன், மரக்கறி, ஒரு அவுன்ஸ் வாட்டிய பாண், உணவோடு இரண்டு மூன்று கிளாஸ் வைன் என்று அளவுகள் வகுக்கப்பட்டன. 1863 செப்ரெம்பர் 12 இல் 46 இறாத்தல் குறைந்திருந்தது. இடுப்பளவு 12¼ அங்குலம் சுருங்கியிருந்தது.

ஒரு அறிவுரையை நம்பலாமா என்று பார்க்க நாம் வழமையாகப் பயன்படுத்தும் உரைகற்கள் யாவை? சொல்பவர் நேர்மையானவரா? விபரங்கள் துல்லியமானவையா? அவருக்கு இதில் இலாபம் உண்டா? வைத்தியர் ஒருவர் பின்னால் நிற்கிறாரா? பன்ரிங் எல்லாவற்றிலும் தேறுகிறார். முதற்பதிப்பை அவர் இலவசமாகவே வழங்கினார். அவர் பொய் சொல்லவில்லை என்பதே என் கருத்தும். எனினும் அந்த 46 இறாத்தல் பன்ரிங்கைப் பற்றிய உண்மை மட்டுமே. அவரைப் பின்பற்றியும் மெலியாதவர்கள், மெலிந்து மீண்டும் பருத்தவர்கள், இடையில் கைவிட்டவர்கள் கடிதம் எழுதுவதில்லை. தோற்றவரின் மௌனத்தில்தான் வென்றவரின் குரல் இவ்வளவு உரத்துக் கேட்கிறது.

இந்த மௌனத்தையும் எண்ணிக்கையில் சேர்த்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு உதாரணம். அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்ரோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரைச் சீட்டுக்குலுக்கி இரண்டாகப் பிரித்தனர். ஒரு பகுதியினர் கொழுப்பைக் குறைத்தனர். மறு பகுதியினர் மாச்சத்தைக் குறைத்தனர். 2018 இல் வெளியான முடிவின்படி, 12 மாதங்களின் பின் சராசரியாக முதற்பகுதியினர் 5.3 கிலோவும் மற்றவர்கள் 6.0 கிலோவும் குறைந்திருந்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இரு பகுதியிலுமே ஏறத்தாழ 30 கிலோ குறைந்தவரும் இருந்தார், 10 கிலோ கூடியவரும் இருந்தார். இரு பகுதியிலிருந்தும் அதிகம் மெலிந்தவரை மட்டும் மேடையில் ஏற்றினால், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு அறிவுரைகளை இருவரும் சத்தியம் செய்து சொல்வார்கள். இருவருமே நேர்மையாளர்கள்.

இரண்டாவது பிரச்சினை காலம். மாச்சத்தை நிறுத்திய முதல் வாரத்தில் குறைவதில் பெரும்பங்கு நீர். உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் கரையும்போது அதனோடு பிணைந்திருந்த நீரும் போகிறது. உற்சாகம் பொங்கும் சாட்சியம் பெரும்பாலும் இந்த நாட்களிலேயே பிறக்கிறது. சுவீடனில் அன்னிக்கா டால்குவிஸ்ற் என்ற பெண் வைத்தியர் மாச்சத்துக் குறைந்த உணவைப் பரிந்துரைத்ததற்காக 2005 இல் அவர்மீது முறைப்பாடு செய்யப்பட்டது. அவரது அறிவுரை அறிவியலுக்கும் அனுபவத்துக்கும் முரணானதல்ல என்று 2008 இல் சுகாதார அதிகாரபீடம் தீர்ப்பளித்தது. 2013 இல் அந்நாட்டின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் ஆய்வுகளைத் தொகுத்து, முதல் ஆறு மாதங்களில் இம்முறை கூடுதல் பலன் தருகிறது, நீண்டகாலத்தில் மற்ற முறைகளோடு வேறுபாடு இல்லை என்றது. இந்த வசனத்தின் முதற்பாதியை மட்டும் எடுத்துச் சென்றாலும் ஒருவர் பொய் சொன்னவராகமாட்டார்.

எம்மவர் ஏன் இத்தகைய சாட்சியங்களுக்கு இவ்வளவு எளிதில் வசப்படுகிறோம்? எமக்கும் சாட்சியத்துக்குமான உறவு விசேடமானது என்பதும் ஒரு காரணம் என நினைக்கிறேன். அகதி விண்ணப்ப விசாரணைகளில் எமது உயிரே எமது வாக்குமூலத்தில் தங்கியிருந்தது. திகதி பிசகினால் பொய்யர் என்றார்கள். நம்பப்படாததன் வலியை அறிந்தவர்கள், 'எனக்கு நடந்தது' என்று சொல்பவரைச் சந்தேகிக்கக் கூசுவது இயல்பு. ஆனால் இவை இரண்டும் வேறு வேறு வகைச் சாட்சியங்கள். அகதி சொல்வது 'எனக்கு இது நடந்தது' என்று. அதற்கு அவர் ஒருவரின் அனுபவமே போதும். மெலிந்தவர் சொல்வது 'உனக்கும் இது நடக்கும்' என்று. அதற்கு அவர் ஒருவர் போதாது. 1979 இல் வெளிவந்த ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கைந்நூல் சந்தேகத்தின் பயனை அகதிக்குக் கொடுக்கச் சொன்னது, இழப்பு அவருடையது என்பதால். எடைகுறைப்பு அறிவுரையில் இழப்பு கேட்பவருடையது. ஆகவே சந்தேகத்தின் பயனும் கேட்பவருக்கே உரியது.

அந்த இழப்பு வெறும் கற்பனை அல்ல. என்னோடு பொதிசெய்யும் பகுதியில் வேலைசெய்பவர், நண்பர் ஒருவர் சொன்னபடி ஒரே நாளில் சோறும் பாணும் நிறுத்தினார். சலரோகக் குளிசையை வழமைபோல் விழுங்கினார். மூன்றாம் நாள் இரவு வேலையில் வியர்த்து, கை நடுங்கி, நிலத்தில் சரிந்தார். அறிவுரை சொன்ன நண்பர் உண்மையிலேயே 14 கிலோ குறைந்தவர். ஆனால் அவருக்குச் சலரோகம் இல்லை. இன்சுலினோ, கிளிக்லசைட் போன்ற குளிசைகளோ எடுப்பவர் மாச்சத்தைத் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் சீனி அபாயகரமாக இறங்கும். டப்பாகிளிபுளோசின் வகைக் குளிசை எடுப்பவருக்கு, சீனி அதிகம் ஏறாமலே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு.

எடை குறைப்பதே வீண் என்று இதற்கு அர்த்தமல்ல. ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23 இலேயே கவனம் தேவை என்று 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்குழு சொன்னது எம்மையும் சேர்த்துத்தான். 2017 இல் வெளியான பிரித்தானியாவின் 'டிரெக்ற்' ஆய்வில், கட்டுப்படுத்தப்பட்ட உணவு பெற்றவர்களில் 46 வீதத்தினருக்கு ஓராண்டில் சலரோகம் தணிந்தது. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 4 வீதத்தினருக்கே தணிந்தது. இரண்டாம் ஆண்டு 46 என்பது 36 ஆனது. இந்த இறக்கத்தையும் சேர்த்துச் சொல்வதால்தான் நான் அதை நம்புகிறேன். அங்கு குளிசைகள் முதல் நாளே மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தப்பட்டன என்பதையும் கவனிக்கவேண்டும்.

இன்னுமொன்று, வர்க்கம். பன்ரிங்கின் நாள் நான்கு வேளை உணவாக ஒழுங்காகப் பிரிந்திருந்தது. ஒரு வாரம் பகலும் மறுவாரம் இரவும் வேலைசெய்து, இருபது நிமிட இடைவேளையில் சாப்பிடுபவருக்கு அந்தப் பட்டியல் எப்படிப் பொருந்தும்? மெலிந்தவர் தன் மனவுறுதியைப் பற்றிப் பேசுகிறார். தன் நேரத்தைப் பற்றியும் தனக்குச் சமைத்துத் தருபவரைப் பற்றியும் பேசுவதில்லை.

எனவே அறிவுரை சொல்பவரிடம் கேட்கவேண்டியவை இவை: உங்களோடு தொடங்கியவர்கள் எத்தனைபேர், மற்றவர்கள் எங்கே? இரண்டு வருடங்களின் பின் உங்கள் எடை என்ன? நீங்கள் என்ன மருந்து எடுத்தீர்கள்? யார் சமைத்தார்? இவற்றைக் கேட்பது அவரது நேர்மையை அவமதிப்பதாகாது. எம்மிடையே உள்ள வைத்தியர்களும் தாதிகளும் குளிசையும் உணவும் மோதும் இடங்களைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதவேண்டும். அவர்கள் எழுதாத வெற்றிடத்தைத்தான் மெலிந்தவர்கள் நிரப்புகிறார்கள்.