மின்வணிகப் பாடமும் மருதமுனைத் தறியும்

மின்வணிகம் என்றால் என்ன என்று மாணவருக்கு விளக்க முற்படும் தமிழ் நூல்களும் பாடக்குறிப்புகளும் இன்று பெருகி வருகின்றன. அறிவியல் தமிழில் வளரவேண்டும் என்று விரும்பும் எவரும் இதனை வரவேற்பர்; நாமும் வரவேற்கிறோம். ஆயினும் வரவேற்பது வேறு, மதிப்பிடுவது வேறு. கதையையும் கவிதையையும் அளக்கும் அளவுகோல் பாடநூலுக்கும் உரியதே. நூல் யாருடைய கண்கொண்டு உலகைப் பார்க்கிறது? யாரைக் காணாது விடுகிறது? கல்முனைக் கரையோரத்தில் தமிழ் கற்பிக்கும் நாம் இவ்விரு வினாக்களுடனேயே இந்நூல்களை அணுகினோம்.

நிறைகளை முதலிற் சொல்வது முறை. கணினி வலையமைப்பின் வழியே பொருளையும் சேவையையும் வாங்குதல், விற்றல், அதற்கான பணத்தைச் செலுத்துதல் ஆகியவையே மின்வணிகம் என்ற வரைவிலக்கணத்தை இவை தெளிவாகத் தருகின்றன. பொருட்பட்டியல், கூடை, கட்டணவாயில், பொதி விநியோகம் என ஒரு கொள்வனவு நடந்தேறும் படிமுறையையும் பிழையின்றிக் கூறுகின்றன. கலைச்சொற்களும் பெரும்பாலும் நல்ல தமிழாகவே அமைந்துள்ளன.

குறை எங்கே தொடங்குகிறது? இந்நூல்கள் மின்வணிகத்தை வகுக்கும் இடத்திலே தொடங்குகிறது. வணிகர் வணிகருக்கு விற்பது, வணிகர் நுகர்வோருக்கு விற்பது, நுகர்வோர் நுகர்வோருக்கு விற்பது என்று வகைகள் வரிசையாக வருகின்றன. இப்பகுதியை வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது, நெசவாளர் வீட்டுப் பிள்ளையொருவன் எழுந்து, “ஸேர், இதுல வாங்குற ஆள் இரிக்காரு, விக்கிற ஆள் இரிக்காரு, எங்கட வாப்பா எங்க இரிக்காரு?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் கண்டுபிடித்திருக்க வேண்டிய குறையை அச்சிறுவன் ஒரே வாக்கியத்திற் கூறிவிட்டான்.

கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனை, சாரனுக்கும் சேலைக்கும் பெயர்பெற்ற முஸ்லிம் நெசவாளர் ஊர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கியபோது உயிர்களோடு தறிகளும் அழிந்தன. எஞ்சியோர் மீண்டும் பாவு கட்டினர். நாடா மீண்டும் ஓடியது. இன்று அவர்கள் நெய்த துணியின் படம் கையடக்கத் தொலைபேசியில் ஊர் ஊராகச் செல்கிறது. துணிக்கு விலை இருக்கிறது, நிறம் இருக்கிறது, அளவு இருக்கிறது. நெய்தவன் பெயர் மட்டும் இல்லை. பாடநூலும் அவ்வாறே அவனை விட்டுவிட்டது.

இரண்டாவது குறை, தொழில்நுட்பத்தை ஏதோ மாயவித்தைபோலக் காட்டுவது. ‘பாதுகாப்பான தொழில்நுட்பம்’ என்று ஒரு சொற்றொடரை எழுதிவிட்டு நூலாசிரியர் நகர்ந்துவிடுகிறார். அதன் இயல்பு விளங்காத மாணவன் அதை வியக்கலாம்; ஆளமுடியாது. விளக்குவதும் கடினமன்று. ரிவெஸ்ட், ஷமிர், அடில்மன் என்ற மூவர் 1977இல் வகுத்த மறைகுறி முறையை எடுத்துக்கொள்வோம். பூட்டை ஊரார் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் திறப்பைத் தன்னிடமே வைத்திருக்கும் கடைக்காரனைப் போன்றது அது. யாரும் பூட்டி அனுப்பலாம். அவன் மட்டுமே திறக்கலாம். முன்பின் அறியாதவருக்குக் கடனட்டை இலக்கத்தை நாம் துணிந்து அனுப்பத்தக்க வழி இவ்வாறே பிறந்தது.

கூடையின் கதையும் அத்தகையதே. வலைத்தளத்தை வழங்கும் கணினிக்கு இயல்பாக நினைவாற்றல் இல்லை. ஒரு பக்கத்தைக் கேட்டவரே அடுத்த பக்கத்தையும் கேட்கிறார் என்பதை அது அறியாது. ஆகவே கூடையிலிட்ட பொருள் மறுகணமே மறக்கப்பட்டுவிடும். 1994இல் நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய லூ மொன்ருல்லி, வாங்குபவரின் கணினியிலேயே சிறியதோர் அடையாளத்தைப் பதித்துவைக்கும் வழியைக் கண்டார். அதுவே ‘குக்கி’. கூடையை நினைவிற் கொள்ளப் பிறந்த அவ்வடையாளம், பின்னர் வாங்குபவர் எங்கே போகிறார், எதை விரும்புகிறார் என்று பின்தொடரும் ஒற்றனாகவும் ஆக்கப்பட்டது. ஒரே கருவி இரு பணி செய்கிறது. எப்பணி செய்யவேண்டும் என்பதை உடையவன் தீர்மானிக்கிறான். இந்த இரண்டாம் பாதியை நூல்கள் சொல்வதில்லை.

மூன்றாவது குறையே பெருங்குறை. ‘மின்வணிகத்தால் இடைத்தரகர் ஒழிந்தார்’ என்ற வாக்கியம் ஏறக்குறைய எல்லா நூல்களிலும் காணப்படுகிறது. இது பாதி உண்மை. வீட்டு வாசலுக்கு வந்து துணியை மொத்தமாக எடுத்துச்சென்ற வியாபாரி சிலவிடங்களில் விலகியிருக்கலாம். அவன் இடத்தில் இணையச் சந்தை அமர்ந்துள்ளது. பழைய வியாபாரிக்கு முகம் இருந்தது. அவனோடு பேரம் பேசலாம், சண்டையும் பிடிக்கலாம். புதிய சந்தையோ, எந்தப் பொருள் பட்டியலின் தலையில் நிற்கும், விற்பனையில் எவ்வளவு தரகாகக் கழியும் என்பவற்றைத் தானே விதிக்கிறது. வாங்கியவர் யார் என்ற பேரேடும் அதன் கையிலேயே இருக்கிறது. 2016இல் இலங்கைக்கு வந்த டராஸ், 2018இல் சீனாவின் அலிபாபா குழுமத்துக்கு உடைமையாயிற்று. எவரையும் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. நம் ஊர்ப் பொருள் விற்கும் சந்தையின் உடைமை எவ்வளவு தொலைவில் இருக்கக்கூடும் என்பதை மாணவன் அறியவேண்டாமா?

‘அப்படியானால் இத்தொழில்நுட்பமே வேண்டாமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். அது நம் கருத்தன்று. 1984 மே மாதம் பிரித்தானியாவின் கேற்ஸ்ஹெட் நகரில், ஜேன் ஸ்னோபோல் என்ற 72 வயது மூதாட்டி, தம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் வழியே டெஸ்கோ கடையிலிருந்து முட்டையும் மாஜரினும் சோளத்துருவலும் தருவித்தார். கடைக்கு நடக்க இயலாத முதியோருக்கு உதவ அந்நகரசபை மேற்கொண்ட முயற்சி அது. வீட்டிலிருந்தபடியே இணைப்புவழி பொருள் வாங்கிய முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்று, இலாப வேட்டையிலன்றிப் பொதுப்பணியிலே பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது. கருவி தன்னளவில் யாருக்கும் அடிமையன்று.

நமக்கும் வழிகள் இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி, இலத்திரனியல் வடிவில் உள்ளது என்ற காரணத்தால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகாது. இலங்கை மத்திய வங்கி 2018இல் அறிமுகம் செய்த லங்கா கியூ.ஆர். என்ற பொதுத்தரம், வாங்குபவரின் பணம் சிறு விற்பனையாளரின் கணக்கை நேரே அடைய வழிசெய்கிறது. தமிழ்நாட்டிலே 1935இல் தோன்றிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கமான கோ-ஆப்டெக்ஸ், இன்று இணையத்திலும் துணி விற்கிறது. நெய்தவரின் பெயரும் படமும் தாங்கிய அட்டையைச் சேலையோடு இணைத்து விற்ற முன்மாதிரியும் அதற்குண்டு. எந்தத் தளத்தில் இருப்பவரும் வேறு தளத்து விற்பனையாளரிடம் வாங்கத்தக்க பொது வலையமைப்பொன்றை இந்தியா 2022இல் தொடக்கியது. கூட்டுறவும் பொதுத்தரமும் சேருமிடத்தில், சந்தைக்கு உழைப்பாளியும் உடையவனாகலாம். மருதமுனை நெசவாளர் ஒன்றுகூடித் தமக்கென ஒரு வலைமுகவரியும், வாங்குபவர் பேரேடும், நெய்தவர் பெயர் பொறித்த அட்டையும் கொள்வது எட்டாத கனவன்று.

ஆகவே மின்வணிகம் பற்றித் தமிழில் எழுதுவோரிடம் நாம் கேட்பது இதுவே: இலக்கணம் எழுதுங்கள், வகைகளும் எழுதுங்கள். ஆனால் முதற்பாடத்தைக் கடைவாசலில் தொடங்காது தறியடியில் தொடங்குங்கள். நூல் வாங்கிய கடனிலிருந்து பொதி போய்ச்சேரும் வீடுவரை ஒரு சாரனின் வழியைக் காட்டுங்கள். விலையில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று கணக்கிடப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். அத்தகைய நூலொன்று வரும் நாளில், அன்று எழுந்து நின்ற மாணவனுக்கு அவன் வாப்பா இருக்கும் பக்கத்தை விரல்வைத்துக் காட்ட நம்மால் இயலும். இன்று இயலவில்லை.