மனந்திரும்புதலும் மனம் மாறுதலும்
(‘மெட்டனோயெயோ’ என்னும் கிரேக்க வினைச்சொல் குறித்த ஓர் ஆய்வு)

ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழிக்குக் கொண்டுவருவது, ஆற்றின் ஒரு கரையில் வளர்ந்த மரத்தைப் பெயர்த்து மறுகரையில் நடுவது போன்ற செயலாகும். வேரோடு வந்த மண் எவ்வளவு, வழியில் உதிர்ந்த மண் எவ்வளவு என்பதை அறிந்தவனே அம்மரத்தின் இயல்பை உணர்வான். மொழிபெயர்ப்பு இலக்கியத்தைப் பயிலும் மாணவர்க்கு இவ்வுண்மையை விளக்கப் பொருத்தமான சான்றுகளுள் ஒன்று, புதிய ஏற்பாட்டில் வரும் ‘மெட்டனோயெயோ’ என்னும் கிரேக்க வினைச்சொல்லாகும். தமிழில் ‘மனந்திரும்பு’ என்றும், ‘மனம் மாறு’ என்றும், ஓரிரு இடங்களில் ‘மனஸ்தாபப்படு’ என்றும் பெயர்க்கப்பட்ட சொல் இதுவே. இம்மூன்றும் ஒரு பொருள் குறித்த பல சொற்களா, அன்றி வெவ்வேறு பொருள் தருவனவா என்பது ஆராயத்தக்கது.

சொல்லின் பிறப்பு

இவ்வினை ‘மெட்டா’, ‘நோயெயோ’ என்னும் இரு உறுப்புகளால் ஆயது. ‘மெட்டா’ என்பது பின்மையையும் மாற்றத்தையும் குறிக்கும் முன்னொட்டு. ‘நோயெயோ’ என்பது உணர்தல், எண்ணுதல் என்னும் பொருளது. மனம், அறிவு ஆகியவற்றைக் குறிக்கும் ‘நூஸ்’ என்னும் பெயரோடு உறவுடையது. ஆகவே, பின்னர் உணர்தல் என்பதே இதன் தொடக்கப் பொருள். முன்னர் உணர்தலைக் குறிக்கும் ‘புரோனோயெயோ’ இதற்கு எதிர்ச்சொல்லாக நின்றது. தொடங்கிய பின்னர் எண்ணிக்கொள்வோம் என்பதை இழுக்கெனத் ‘தெரிந்துசெயல்வகை’ அதிகாரத்தில் வள்ளுவர் கடிவதை அறிந்த தமிழ் மாணவர், பண்டைக் கிரேக்கர் இவ்விரு சொற்களையும் எதிரெதிர் நிறுத்தியதன் கருத்தை எளிதில் உணர்வர்.

பின்னர் உணர்ந்தவன் தன் முடிவை மாற்றிக்கொள்வது இயல்பு. எனவே ‘கருத்தை மாற்றிக்கொள்’ என்னும் பொருளும் இச்சொல்லுக்கு வந்து சேர்ந்தது. மனிதரை ஆள்வது மிகக் கடினம் என்று எண்ணியிருந்தோர், பாரசீக வேந்தன் சைரஸின் ஆட்சியைக் கண்டு அக்கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்ததாகச் செனோபன் எழுதும் இடத்தில் இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. அங்கே கண்ணீரும் இல்லை. குற்ற உணர்வும் இல்லை. ஒரு கருத்துப் போய் மற்றொரு கருத்து வந்தது, அவ்வளவே. இவ்விடத்தைத் தமிழாக்குவோர் ‘மனந்திரும்பினர்’ என்று எழுதினால் நகைப்புக்கே இடமாகும்.

எபிரேயத்தின் நிழல்

கிறித்துவுக்கு முற்பட்ட மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கி, எபிரேயத் திருநூல்கள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. எபிரேயத்தில் இத்துறைக்கு இரு வினைகள் உண்டு. ஒன்று ‘ஷூப்’, திரும்புதல், மீண்டு வருதல் என்று பொருள்படுவது. மற்றொன்று ‘நாகாம்’; வருந்துதல், இரங்கி முடிவை மாற்றுதல் என்று பொருள்படுவது. கிரேக்கப் பெயர்ப்பாளர் ‘ஷூப்’ என்பதற்குப் பெரும்பாலும் ‘எபிஸ்திரெபோ’ முதலிய திரும்பற்பொருள் வினைகளையே ஆண்டனர். ‘மெட்டனோயெயோ’ என்பதை ‘நாகாம்’ என்பதற்கே பெரிதும் வைத்தனர்.

யோனா நூலின் மூன்றாம் அதிகாரம் இதற்குத் தெளிவான சான்று. நினிவே நகரத்தார் தம் தீய வழிகளை விட்டுத் திரும்புகின்றனர்; அதனைக் கண்ட இறைவன், அவர்களுக்குச் செய்வதாகக் கூறிய தீங்கைக் குறித்து எண்ணம் மாறுகிறான். கிரேக்கப் பெயர்ப்பில் நகரத்தார்க்குத் திரும்பற்பொருள் வினையும், இறைவனுக்கு ‘மெட்டனோயெயோ’ என்னும் வினையும் அமைந்துள்ளன. பாவத்திற்காக வருந்துவதே இச்சொல்லின் பொருள் என்று சாதிப்போர், இறைவனே எழுவாயாக நிற்கும் இத்தொடருக்கு விடை கூற இயலாது.

ஆனால், வியப்புக்குரிய செய்தி அடுத்து வருகிறது. அதே நினிவே நகரத்தாரை மத்தேயு, லூக்கா ஆகிய இருவர் நற்செய்திகளும் குறிப்பிடுகின்றன. யோனாவின் சொற்கேட்டு அவர்கள் செய்ததை அங்கே குறிக்கும் வினை ‘மெட்டனோயெயோ’! யோனா நூலில் திரும்பற்பொருள் வினை நின்ற இடத்தில், நற்செய்தியில் இவ்வினை வந்து அமர்ந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் எபிரேயத் ‘திரும்புதல்’ முழுவதையும் கிரேக்க ‘எண்ணுதல்’ தன்னுள் ஏற்றுக்கொண்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எள்ளின் நெய்யே எண்ணெய். ஆயினும் தேங்காய் எண்ணெய் என்பதில் எள்ளைத் தேடுவார் இல்லை. சொல்லின் பிறப்பு வேறு. வழக்கில் அது பெறும் பொருள் வேறு. ‘மெட்டனோயெயோ’ என்பதைப் பகுபத உறுப்புகளாகப் பிரித்து, மனமாற்றம் மட்டுமே அதன் பொருள் என்று கூறி அமைவோர், தேங்காய் எண்ணெயில் எள்ளைத் தேடுவோரே ஆவர்.

புதிய ஏற்பாட்டு ஆட்சி

புதிய ஏற்பாட்டில் இவ்வினை 34 இடங்களிலும், இதன் பெயர்ச்சொல்லான ‘மெட்டனோயா’ 22 இடங்களிலும் வருகின்றன. வினை மிகுதியாக வருவது திருவெளிப்பாட்டு நூலில். அங்கு மட்டும் 12 இடங்கள். யோவான் நற்செய்தியிலோ வினையும் இல்லை, பெயரும் இல்லை. பவுலின் மடல்களிலும் வினை ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது.

இதன் பொருளை வரையறுக்க, அருகில் வாழும் இரு சொற்களோடு ஒப்பிடல் வேண்டும். முதலாவது ‘மெட்டமெலோமாய்’; பின்னர் மனம் நொந்து வருந்துதல் என்பது. புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் மட்டுமே வரும் இச்சொல்லே, காட்டிக்கொடுத்த யூதாசின் நிலையைக் கூற ஆளப்பட்டது. அவன் வருந்தினான், வாங்கிய காசைத் திருப்பித் தந்தான், ஆயினும் வாழ்வை நோக்கித் திரும்பவில்லை. கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் மடலின் ஏழாம் அதிகாரத்தில், துயரம் ‘மெட்டனோயா’வை விளைவிக்கும் என்று பவுல் கூறுகிறார். துயரம் காரணம், மெட்டனோயா காரியம். காரணத்தையே காரியம் எனக் கொள்வது பிழை.

இரண்டாவது ‘எபிஸ்திரெபோ’. திருத்தூதர் பணிகள் நூலில் இவ்விரு வினைகளும் அடுத்தடுத்து இரு இடங்களில் நிற்கின்றன. அகத்தே நிகழும் திருப்பமும், புறத்தே நடையில் வெளிப்படும் திருப்பமும் இணைக்கப்படுகின்றன. அவற்றுள் பிந்திய இடத்தில், மெட்டனோயாவுக்கு ஏற்ற செயல்களும் வேண்டும் என்பது சேர்த்துக் கூறப்படுகிறது.

இலத்தீன் தந்த இடர்

ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு உலக வரலாற்றையே அசைக்கக்கூடும் என்பதற்கும் இவ்வினையே சான்று. எரோணிமுவின் இலத்தீன் பெயர்ப்பில் மத்தேயு நற்செய்தியின் கட்டளை வினைக்குப் ‘பெனிடென்சியம் அகிதே’ என்னும் தொடர் நின்றது. கழிவிரக்கம் கொள்ளுங்கள் என்னும் பொருளுடைய அது, காலப்போக்கில் திருச்சபையின் பாவ அறிக்கைச் சடங்கையும் குருவானவர் விதிக்கும் ஒறுத்தலையும் குறிப்பதாகவே உணரப்பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டு இப்பெயர்ப்பைக் குறை கூறினார். அவருடைய குறிப்புகளை 1505 இல் அச்சிட்ட எராஸ்முஸ், 1516 இல் தாம் வெளியிட்ட கிரேக்க இலத்தீன் புதிய ஏற்பாட்டில் அதே நெறியைத் தொடர்ந்தார். 1517 இல் மார்ட்டின் லூதர் எழுதிய 95 கருத்துரைகளுள் முதலாவது இக்கட்டளையைப் பற்றியதே. நம்பிக்கையாளரின் வாழ்நாள் முழுவதும் இதுவாக அமைய வேண்டும் என்பது அதன் கருத்து. சடங்கை இச்சொல் குறிக்காது என்கிறது இரண்டாவது கருத்துரை. 1518 இல் தம் தலைவர் ஸ்டவ்பிட்ஸுக்கு எழுதிய மடலில், கிரேக்கச் சொல்லின் பொருளை அறிந்ததனால் தமக்கு உண்டான தெளிவை லூதரே விளக்கியுள்ளார்.

தமிழ்ப் பெயர்ப்புகளின் தகுதி

தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715 இல் அச்சேறியது. பின்னர்ப் பலர் திருத்தினர். 1871 இல் வெளிவந்த திருத்தப் பதிப்பே சீர்திருத்தச் சபையாரிடையே இன்றும் பெருவழக்காக உள்ளது. இப்பதிப்பு ‘மெட்டனோயெயோ’ என்பதற்குப் பெரும்பாலும் ‘மனந்திரும்பு’ என்றும், யூதாசின் வருத்தத்திற்கு ‘மனஸ்தாபப்படு’ என்றும் வேறுபடுத்தியது. 1611 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆங்கிலப் பதிப்பு இவ்விரண்டிற்கும் ஒரே வினையை வைத்து வேறுபாட்டை மறைத்துவிட்டது. இவ்விடத்தில் தமிழ்ப் பெயர்ப்பு ஆங்கிலத்தை விஞ்சி நிற்பது தமிழாசிரியர் பெருமிதம் கொள்ளத்தக்கதாகும்.

‘மனந்திரும்பு’ என்பதில் ‘மனம்’ கிரேக்கத்தின் ‘நூஸ்’. ‘திரும்பு’ எபிரேயத்தின் ‘ஷூப்’. இரு மொழிகளின் வரலாறும் ஒரே தமிழ்க் கூட்டுவினையில் குடியேறியுள்ளன. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘மனம் மாறு’ என்று கொண்டது. எளிமையும் பொதுவழக்கும் கருதிய அத்தேர்வு பழிக்கத்தக்கதன்று. கிரேக்கச் சொல்லின் உறுப்புகளுக்கு அது நெருக்கமானதும் ஆகும். எனினும் ‘மாறு’ என்னும் வினைக்குத் திசை இல்லை. நல்லவன் மனம் மாறித் தீயவனாகலாம். வாக்குக் கொடுத்தவன் மனம் மாறி மறுக்கலாம். ‘மனந்திரும்பித் தீயவனானான்’ என்று தமிழர் எவரும் கூறார். திரும்புதல் என்றாலே, விட்டு வந்த இடம் ஒன்று உண்டு. அங்கே காத்திருப்போர் உண்டு. ஊதாரி மைந்தன் கதையில், அவனுக்குப் புத்தி தெளிந்தது ஒரு பாதி. எழுந்து தந்தையிடம் நடந்தது மறுபாதி. ‘மாறு’ முதற்பாதியை உரைக்கிறது. ‘திரும்பு’ இரண்டையும் உரைக்கிறது.

குறையும் கூறாவிடின் திறனாய்வு நடுநிலை ஆகாது. பழைய பதிப்பு எல்லா இடத்தும் ஒரு சீராக இல்லை. லூக்கா நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில், குற்றம் செய்த சகோதரன் ஒரே நாளில் ஏழு முறை வந்து கூறும் சொல்லும் ‘மெட்டனோயெயோ’வே. அங்கே பழைய பதிப்பு ‘மனஸ்தாபப்படு’ என்கிறது. ஆயின், அதனைப் பிழை என்று ஒதுக்குதல் அரிது. ஏழு முறை தவறி ஏழு முறை வருபவனிடம் வாழ்வு முழுவதும் திரும்பிவிட்டது என்று சொல்ல இயலுமா? மனிதன் மனிதனிடம் வருந்தி நிற்கும் சூழலில் பெயர்ப்பாளர் இடமறிந்து சொல்லைத் தெரிந்தனர் எனலாம். மேலும், ‘எபிஸ்திரெபோ’ என்பதற்கு அவர்கள் வைத்த ‘குணப்படு’ என்னும் சொல், இன்றைய மாணவனுக்கு நோய் நீங்குதலையே நினைவூட்டும். சொற்கள் வழக்கில் நகர்ந்துகொண்டே இருப்பதால், இத்தகைய இடங்களில் உரை தேவைப்படுகிறது.

முடிவுரை

செனோபனுக்கு ‘மனம் மாறு’ பொருந்தும். லூக்காவின் ஏழு முறை வரும் சகோதரனுக்கு ‘மனஸ்தாபப்படு’ பொருந்தும். நற்செய்தியின் பேரழைப்புக்கு ‘மனந்திரும்பு’ என்பதே நிறைவாகப் பொருந்தும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று அகராதி காட்டும் நேர்வழி, மொழிபெயர்ப்பில் எப்போதும் நேர்வழி ஆவதில்லை. சொல் பிறந்த இடத்தையும், அது நடந்து வந்த வழியையும், இப்போது நிற்கும் இடத்தையும் ஒருசேர நோக்குவதே மெய்ப்பொருள் காணும் நெறி. மாணவர்க்குச் சொற்பொருள் உரைக்கும் ஆசிரியர் இந்நெறியைக் கைக்கொள்வாராயின், ஒரு சொல்லை விளக்கும் வேளையிலேயே ஓர் உலகையும் அவர் காட்டியவராவார்.